கவிழ்த்து வைத்த தூக்கடுப்பு

என் ஆசை அக்காவுக்கு,

செத்துப்போனவளைப் பார்த்து நலமா என்று கேட்கிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. நீதான் என்னை விசாரிக்க வேண்டும். விசாரித்தால் சொல்வேன்: குமட்டுகிறது அக்கா. போன மாதம் முழுக்கக் குமட்டியது. சோற்றைப் பிசைந்தால் குமட்டல், சட்டியைத் திறந்தால் குமட்டல், உன் மகன் தினேஷ் எதிரே வந்தால் அதைவிடக் குமட்டல். இப்போது கொஞ்சம் தேவலை. ஆனாலும் முழுசாகப் போகவில்லை.

உன் தூக்கடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள், அக்கா. உனக்கென்று உன் குழிமேட்டில் நான் கவிழ்த்து வைத்துவிட்டு வந்த அதே அடுப்பில். சாப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்த அடுப்பு இனி யாருடையது என்பதுதான் எனக்கும் உன் மகனுக்கும் நடுவில் கிடந்து நாறிய பிரச்சினை. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் போய்ச் சொல்வேன்?

எல்லோரும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பகிரங்கமாக எழுதுகிறேன். மலைக்குக் கூடாரம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் படிக்கட்டும். படித்துவிட்டு என்னை வாய்க்காரி என்று சொல்லட்டும். தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளை மடுவத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குச் சிந்தி, கால் கழுவிவிட்டு வயிற்றைக் கழுவுகிறவள் நான். எனக்கே அருவருப்பு வருகிறதென்றால் விஷயம் எவ்வளவு கேவலமாக இருக்க வேண்டும் என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

தெரியாதவர்களுக்காக அந்த அடுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

மீரியபெத்த தோட்டம் மண்சரிவில் மண்ணுக்குள் போனதற்குப் பிறகு நம் தோட்டத்திலும் மழை பிடித்தால் யாரும் கண் மூடுவதில்லை. நாம் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு மேலே இருக்கிற மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறதென்று அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து மழை கொஞ்சம் கூடினால் கிராம சேவகரிடமிருந்து சொல்லி வரும். எல்லோரும் மூட்டை முடிச்சோடு கீழே பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். போனால் அங்கே தங்க இடம் உண்டு, அடுப்புக் கிடையாது. சிமெண்டுத் தரையில் நெருப்பு மூட்டக் கூடாது, சுவரில் கரி பிடிக்கக் கூடாது. பார்சல் வரும், வரும் என்று உட்கார்ந்திருப்போம். வருகிற பார்சல் திறக்கும்போதே ஊசிப்போய் வாடை அடிக்கும்.

ஒரு தடவை நீ அந்தப் பார்சலை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே மடித்து வைத்தாய். மழை விட்டு லயத்துக்குத் திரும்பியதும், தொழிற்சாலைக் கூரைக்கு அடித்த பெயிண்டின் காலி டின் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாய். அதற்குள் ஒரு பால்மா டின்னை வைத்து, இடுக்கில் சாம்பலைப் போட்டு இறுக்கினாய். கீழே விறகு நுழைக்க ஒரு வாய் வெட்டினாய். ஆணியால் சுற்றிவர ஓட்டை அடித்தாய், ஒரு ஓட்டைகூட நேராக இல்லை. கம்பியில் கைப்பிடி போட்டு, அது கையைச் சுடாமலிருக்க என் பச்சைச் சேலைக் கரையை என்னைக் கேட்காமலே கிழித்துச் சுற்றினாய். அதற்கு நான் போட்ட சண்டை லயத்துக்கே கேட்டது.

ஆனால் அக்கா, என்ன அடுப்பு அது! வாளியைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடலாம். கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிய தேயிலை மிலாறுச் சுள்ளியைக் காயவைத்து, விரல் நீளத்துக்கு ஒடித்து, எப்போதும் அதன் வயிற்றுக்குள் அடுக்கி வைத்திருப்பாய். மழைச் செய்தி வந்ததும் எல்லோரும் துணியை மூட்டை கட்டினால் நீ அடுப்பைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நிற்பாய். பள்ளிக்கூட விறாந்தையில் அதை வைத்துப் பற்றவைத்தால் தரை சுடாது, புகை அடங்கியிருக்கும், பள்ளிக்கூடத்து அதிபரும் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார். பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி கொதித்ததும் முதல் கோப்பை அவருக்குத்தானே கொடுப்பாய்? அடுத்த மழைக்குள் வீட்டுக்கு வீடு ஒரு தூக்கடுப்பு வந்துவிட்டது.

அப்புறம் நீ போனாய். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது தினேஷ் கத்தாரில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. போனில்தான் பார்த்தான். நம் மலையில் சிக்னல் இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியும். உன் முகத்தைக் காட்டும்போது படம் நின்றுபோனது, மண் தள்ளும்போது சத்தம் மட்டும் கேட்டதாம். அவன் இடத்தில் நின்று என் வீட்டுக்காரர்தான் எல்லாம் செய்தார்.

கருமாதி அன்று உன் குழிமேட்டிலேயே உன் தூக்கடுப்பைப் பற்றவைத்து உனக்குப் பிடித்த தேங்காய் ரொட்டி சுட்டேன், மிளகாய் வைத்துக் கட்டச் சம்பல் அரைத்து வைத்தேன், சாயத்தண்ணி ஊற்றினேன். படைத்து முடித்ததும் நெருப்பை அவித்து, அடுப்பை அங்கேயே கவிழ்த்து வைத்தேன். நம் ஆட்களின் முறை அதுதானே? இறந்தவருக்கு விட்டுவிட்டு வருகிற பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால், இது இனி உயிரோடிருப்பவர்களுக்கு இல்லை என்று அர்த்தம். மாடு மேய்க்கிறவன்கூட அதைக் காலால் தொடமாட்டான். உன் சேலைகளையும் தட்டுகளையும் வழக்கப்படி வண்ணாத்திக்கும் உறவுக்காரிகளுக்கும் கொடுத்துவிட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன்.

இப்போது உன் மகனின் சங்கதிக்கு வருகிறேன்.

கத்தாரிலிருந்து ஒரேயடியாக வந்துவிட்டான். காலையில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்கமாட்டேன் என்றான். அது எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. பிறகு பார்த்தால், நம் லயத்துக்கு மேலே மானாப்புல் மலையில் ஒரு சமதரை இருக்கிறதல்லவா, நாம் விறகுக் கட்டை இறக்கிவைத்து மூச்சு வாங்குகிற இடம், அங்கே கூடாரம் அடித்து ஆட்களைத் தங்கவைக்கிற தொழில் ஆரம்பித்தான். கொழும்பிலிருந்து வேனில் வருகிறார்கள். பசறையில் இறங்கிக் கோழியும் முட்டையும் வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். மண் சரிந்துவிடும் என்று நாம் எந்த மலையைப் பார்த்துப் பயந்து ஓடுகிறோமோ, அதே மலையில் குளிரில் நடுங்கிக்கொண்டு வெளியில் படுப்பதற்கு வருகிறார்கள். சரி, அவரவர் ஆசை.

ரொட்டியும் சம்பலும் செய்துகொடுக்க வாங்க சித்தி என்று தினேஷ் என்னைக் கூப்பிட்டான். மடுவம் முடிந்த பிறகுதானே, போனால் என்ன என்று போனேன். போயிருக்கக் கூடாது.

என்ன அசிங்கம் அக்கா! பீலியில் நாம் குடிக்கப் பிடிக்கிற தண்ணீரில் சட்டியைப் போட்டு, எண்ணெயும் எலும்புமாக அங்கேயே கழுவினார்கள். பல் விளக்கி அங்கேயே துப்பினார்கள். முகத்தைத் துடைத்த ஈரத் தாள், வேறு எதை எதையோ துடைத்த ஈரத் தாள் எல்லாம் தேயிலைச் செடியில் வெள்ளை வெள்ளையாக மாட்டிக்கொண்டு கிடந்தது. மறுநாள் கொழுந்து பறிக்க வருகிறவள் அதைக் கையால் எடுத்துப் போட வேண்டும். ஒரு ஆள் ஒதுங்குவதற்கு எங்கே போனான் தெரியுமா? மயானத்துப் பக்கம். நான் சத்தம் போட்ட சத்தத்தில் பாதி வேலையில் எழுந்து ஓடிவந்தான். தினேஷ் என் கையைப் பிடித்து, தெரியாமப் பண்ணிட்டாங்க சித்தி, விட்டுருங்க என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு சம்பல் இடிக்கப் போனேன்.

அன்றைக்கு வந்தவர்களிடம் விறகில் எரிகிற ஒரு மடக்கு அடுப்பு இருந்தது. பளபளவென்று எவர்சில்வர் தகடு, மடித்தால் புத்தகம் மாதிரி பைக்குள் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததாம். அதை வைத்துக்கொண்டு அவர்கள் பண்ணிய கூத்தைப் பார்த்திருந்தால் நீ சிரித்தே இன்னொரு தடவை செத்திருப்பாய். மழையில் ஊறிய பச்சை யூகலிப்டஸ் கட்டையைத் திணித்தார்கள். காற்றுக்கு எதிராக வாயைத் திருப்பி வைத்தார்கள். ஊதினார்கள், விசிறினார்கள், தொப்பியால் அடித்தார்கள். கடைசியில் கைக்குப் பூசுகிற மருந்துத் தண்ணீரை அதில் ஊற்றினான் ஒருத்தன். பக்கென்று எரிந்து, அவனுடைய புருவத்தைத் தீய்த்துவிட்டு அணைந்தது. அதையும் வீடியோ எடுத்தார்கள்.

தினேஷ் பார்த்தான். கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் இறங்கி ஓடினான். நான் அந்தப் பக்கம் கல் மறைவில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவன் எதைக் கொண்டுவந்தான் என்று பார்க்கவில்லை. காற்றுக்கு மறைப்பாக ஆட்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டதால் அடுப்பு எனக்குத் தெரியவுமில்லை. நன்றாக எரிகிற வாசம் மட்டும் வந்தது. பரவாயில்லையே என்று நினைத்தேன்.

அவர்களோடு ஒரு நாய் வந்திருந்தது. வெள்ளை நாய், சட்டை போட்ட நாய். நூடில்ஸ் கிண்டிய சட்டியை இறக்கி அதன் முன்னால் வைத்தார்கள். அது நக்கி முடித்ததும் அதே சட்டியைத் தாளால் ஒரு துடை துடைத்து, மறுபடியும் அடுப்பில் ஏற்றி இன்னொரு பாக்கெட் நூடில்ஸ் போட்டார்கள். இதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தெரிவதற்கு முன்னால் ஒரு பெண் பிள்ளை தட்டோடு வந்து, ஆன்ட்டி நீங்களும் சாப்பிடுங்க என்று நீட்டினாள். நல்ல முகம், மரியாதையான பிள்ளை. வேண்டாமென்று சொன்னால் மனம் கோணும் என்று ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

மென்றுகொண்டே, விறகு போதுமா என்று பார்க்க எழுந்து போனேன். ஆட்கள் விலகினார்கள். முதலில் ஓட்டைகள் தெரிந்தன, ஒன்றுகூட நேராக இல்லை. அப்புறம் கைப்பிடி தெரிந்தது. கறுத்துப் போயிருந்தாலும் என் சேலைக் கரை எனக்குத் தெரியாதா?

வாயில் இருந்ததைத் துப்பினேன். துப்பியும் போகவில்லை. சட்டியில் நூடில்ஸோடு கிடந்தது மாட்டிறைச்சி சொசேஜஸ் என்று அந்த நேரம் பார்த்து ஒருத்தன் சொன்னான். உன் வாசற்படி தாண்டாத சாமான், உன் அடுப்பின் மேல். நாய் நக்கிய சட்டி அது என்றும் அவனே சொன்னான். தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அந்த நாய் அதையும் முகர வந்தது. தூ!

"எங்கடா எடுத்த இத?" என்று தினேஷிடம் கேட்டேன்.

"அம்மா குழிமேட்டுல கெடந்துச்சு. எதுக்கு இப்ப கத்துறீங்க?"

"அது செத்தவளுக்குக் குடுத்த அடுப்புடா. அதுல ஆக்கி ஊருக்கு ஊட்டுறியே, நீ எல்லாம் ஒரு மனுசனா?"

அவன் முகம் மாறிய விதத்தைச் சொல்கிறேன் கேள். நான் அவனைப் பார்த்த மாதிரியே அவனும் என்னைப் பார்த்தான். அவனுக்கும் அருவருப்பு, அக்கா. என் மேல்.

"குடுத்ததா? குடுத்தத யாராச்சும் கவுத்துப் போடுவாங்களா சித்தி? வந்த மறுநாள் அம்மாவப் பாக்கப் போனா, மழைத்தண்ணில துருப்புடிச்சு, புல்லு மூடி, குப்ப மாதிரி தலகீழா கெடந்துச்சு. அம்மா செத்ததும் அவங்க அடுப்பத் தூக்கிக் குழிமேல வீசிட்டாங்கன்னு நெனச்சேன். சேல ஒன்னு இல்ல, தட்டு ஒன்னு இல்ல. வீட்டுக்குள்ள அம்மான்னு சொல்ல ஒரு சாமான் வச்சீங்களா நீங்க?"

உன் கருமாதிக்கு அவன் இங்கே இருக்கவில்லை. அவன் அப்பா போனபோது சின்னப் பிள்ளை, வீட்டில் விட்டுவிட்டுத்தான் நாம் மயானத்துக்குப் போனோம். கவிழ்த்து வைத்தால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நாம் யாராவது சொன்னோமா? எடுத்துவந்து, மண் போட்டுத் தேய்த்து, உள் டின் ஓட்டையாகிப் போனதை மாற்றி, சாக்கில் சுற்றி உன் கட்டிலுக்கடியில் வைத்திருந்திருக்கிறான். என்னிடம் மட்டும் காட்டவில்லை. அத்தனை மாதமும் நான் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே என்னை வெறுத்திருக்கிறான்.

சுற்றி நின்றவர்களும் தமிழ் ஆட்கள்தான், எல்லாம் புரிந்துவிட்டது. அந்தப் பெண் பிள்ளை மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தெரியாது ஆன்ட்டி, மன்னிச்சிருங்க என்றாள். மற்றவர்களுக்கு ஒரே குஷி. புருவம் தீய்ந்தவன் போனைத் தூக்கிக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்தான். பேய் அடுப்பு, செம மேட்டர், அந்தக் கவுத்து வைக்கிற கதையை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லுங்கள் என்றான். என் வாயோரத்தில் வாந்தி இருந்தது, அதையாவது துடைக்க விட்டானா? இன்னொருத்தன் தினேஷிடம், என்ன விலை சொன்னாலும் தருகிறேன், இதைக் கொழும்புக்குக் கொண்டுபோகிறேன் என்றான்.

தினேஷுக்குத் தொழில் புதுசு, அக்கா. இவர்கள் போய் நாலு பேரிடம் நல்லதாகச் சொன்னால்தான் அடுத்த வேன் வரும். அவன் என்ன பதில் சொல்வான் என்று நான் தேயிலைச் செடியைப் பிடித்தபடியே நின்றேன்.

"இது விக்கிற சாமான் இல்லங்க," என்றான். சத்தம் போடவில்லை. "காலைச் சாப்பாட்ட லயத்துல ஆக்கிக் கொண்டாந்து தாறேன். இதுல இனி ஒன்னும் ஆக்க முடியாது."

சட்டியை இறக்கி வைத்துவிட்டு, எரிகிற அடுப்பைக் கைப்பிடியில் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனான். நீ மழையில் தூக்கிக்கொண்டு போவாயே, அதே நடை. தோளைச் சாய்த்து, அடுப்பை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு. பார்த்தபோது எனக்கு அழுகை வந்ததா வாந்தி வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் நான் விட்டுவிடவில்லை. உன் தங்கச்சிதானே? கோவில் பூசாரியிடம் கேட்டேன். எச்சில் பட்டதைத் திரும்பவும் குழிமேட்டில் வைக்கக் கூடாது, வீட்டிலும் வைக்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிடுங்கள் என்றார். தினேஷிடம் போய் அடுப்பைக் கொடு என்றேன். ஆத்துல போடுறதுன்னா என்னையும் சேத்துப் போடுங்க என்று கதவைச் சாத்திக்கொண்டான். பேச்சு நின்றது. அவன் வீட்டுப் புகையைப் பார்த்தாலே எனக்கு அந்த நூடில்ஸ் தொண்டைக்கு வந்துவிடும். உனக்காக ஆத்திரப்படுகிறேனா, உன் பேரைச் சொல்லி அவன் மேல் ஆத்திரப்படுகிறேனா என்று ஒரு நாள் என் வீட்டுக்காரர் கேட்டார். அவருக்கு அன்று சோறு போடவில்லை.

நீ சொல், அக்கா. உனக்கு அந்த அடுப்பு வேண்டுமா? அங்கே உனக்கு மழை உண்டா? பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற ஓட்டம் உண்டா? இவனுக்கு இங்கே உன் வாசம் பட்ட சாமான் வேறு என்ன இருக்கிறது? இதையெல்லாம் கேட்டுக்கேட்டு எனக்கு நானே சலித்துப்போனேன். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

போன வாரம் மழை பிடித்தது. ஒரு பகல் முழுக்க விடவில்லை. மத்தியானம் கிராம சேவகரிடமிருந்து சொல்லி வந்தது, எல்லோரும் கீழே போங்கள் என்று. மடுவத்துப் பிள்ளைகளைத் தாய்மார் கையில் கொடுத்துவிட்டு நானும் ஓடினேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து எல்லோரும் துணியைப் பிழிந்துகொண்டு நின்ற பிறகுதான் ஒன்று உறைத்தது. யார் கையிலும் அடுப்பு இல்லை.

நீ போன பிறகு எங்களுக்கு வந்த திமிரைப் பார். பாதிப் பேர் காஸ் அடுப்புக்கு மாறிவிட்டார்கள். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வழுக்குகிற படியில் யார் ஓடுவது? மீதிப் பேருடைய தூக்கடுப்பு துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. என்னுடையதில் நான் கோழிக்குஞ்சை மூடி வைத்திருக்கிறேன். பார்சல் வரும் என்றார்கள். வந்தது, அக்கா. திறந்ததும் அதே பழைய வாடை. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சுவரோரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு ஊற்றிக் கொடுக்க ஒரு வாய் சுடுதண்ணீர் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் தினேஷ் வந்து சேர்ந்தான். ஒரு கையில் உன் அடுப்பு. வயிறு நிறையக் காய்ந்த மிலாறு, மேலே பொலித்தீன் உறை போட்டு மூடியிருந்தான். அதை எங்கே கற்றான்? நீ செய்ததைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். யாரையும் பார்க்காமல் விறாந்தையில் நீ வைக்கிற அதே மூலையில் வைத்துப் பற்றவைத்தான். சட்டி நிறையச் சாயத்தண்ணி கொதித்தது. கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

ஒருத்தர்கூட எடுக்கவில்லை. எல்லோரும் உன் கருமாதிக்கு வந்தவர்கள்தானே? கவிழ்த்து வைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். குளிரில் பல் கிட்டுகிறது, ஆவி பறக்கிற கோப்பை முன்னால் இருக்கிறது, அந்தப் பிள்ளைத்தாய்ச்சிகூடக் கையை நீட்டவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். கவிழ்த்தவள் நான்.

தினேஷும் பார்த்தான். கெஞ்சவில்லை. நான் முகத்தைத் திருப்பினால் அந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு அவன் இந்தத் தோட்டத்தை விட்டே போய்விடுவான் என்று அவன் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்தது. அவன் அப்பாவும் அப்படித்தான் நிற்பார்.

எழுந்து போனேன். கோப்பையை எடுத்தேன். கிட்டே கொண்டுபோனதும் வந்ததே நாற்றம்! மாட்டிறைச்சி, நாய், உன் குழி மண், எல்லாம் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு மடக்குக் குடித்தேன். அவன் மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்திருக்கிறான், அதுதான் நாறியது. வேறு ஒன்றும் இல்லை, அக்கா. வெறும் மண்ணெண்ணெய்.

"சீனி பத்தல," என்றேன்.

பின்னாலேயே எல்லோரும் வந்தார்கள். முதல் கோப்பை அந்தப் பிள்ளைத்தாய்ச்சிக்கு. தினேஷ் சீனி போடுகிற சாக்கில் குனிந்துகொண்டே நின்றான், அவன் தோள் குலுங்கியதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அதிபர் அந்தப் பக்கமாக வந்தார், அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தோம். மழை மறுநாள் மத்தியானம்தான் விட்டது. அதுவரை உன் அடுப்பு அணையவே இல்லை. நம் மலையும் இந்தத் தடவை சரியாமல் நின்றுகொண்டது.

அந்த அடுப்பு இனி உனக்குக் கிடையாது. அவனோடு, உன் கட்டிலுக்கடியிலேயே அது இருக்கட்டும். பூசாரியிடமும் சொல்லிவிட்டேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். கூடாரக்காரர்களுக்கு அதைக் கொடுக்கமாட்டேன் என்று தினேஷ் உன் படத்துக்கு முன்னால் கையடித்துச் சொல்லியிருக்கிறான். ஈரத் தாளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக் கையில் கொடுத்துத்தான் வேனில் ஏற்றுகிறான். பீலிப் பக்கம் யாரும் சட்டியோடு வந்தால் நான் இருக்கிறேன். அந்த எச்சில் சட்டியை நினைத்தால் எனக்கு இன்னும் குமட்டத்தான் செய்கிறது, அதற்கு நீ ஒன்றும் பண்ண முடியாது.

உனக்காக ஒரு பெயிண்ட் டின் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே வைக்கப் பால்மா டின்னும் தயார். ஓட்டையை நேராகவே அடிக்கிறேன். கைப்பிடிக்கு என் சேலைக் கரையை இந்தத் தடவை நானே கிழிக்கிறேன். உன் திதி அன்று நானும் தினேஷும் மேலே வந்து, மண்ணெண்ணெய் இல்லாமல் அதைப் பற்றவைத்து உனக்கு ரொட்டி சுடுவோம். சுட்டு முடித்ததும் அதை உன் தலைமாட்டில் வைத்துவிட்டு வருவேன். ஆனால் கவிழ்த்து வைக்கமாட்டேன், அக்கா. முறையாவது மண்ணாவது. நிமிர்த்தி வைத்து, உள்ளே காய்ந்த மிலாறு அடுக்கி, மழை படாமல் மூடிவிட்டு வருவேன். பிள்ளைகள் யாராவது தூரத்திலிருந்து வந்து பார்த்தால், தாயின் சாமானை யாரோ வீசிவிட்டுப் போனதாக நினைக்கக் கூடாது.

இப்படிக்கு,
சேலைக் கரைக்கு இன்னும் கணக்கு வைத்திருக்கிற
உன் உடன்பிறந்தவள்,
உன் மகனுக்குச் சித்தி,
ராசாத்தி